அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை இல்லை: வடசென்னையில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி

அண்ணன் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். பத்து வருடமாகத் திருச்சியிலிருந்து வந்து போகிறோம். பெட்டியை வைத்ததும் தெற்கே கிளம்பிவிடுவோம். மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் எல்லாம் ஆயிற்று. எழும்பூர் அருங்காட்சியகம் இரண்டு தடவை. வடக்கே வருவது ராத்திரி தூங்குவதற்கு மட்டும்தான். இந்தக் காலாண்டு விடுமுறைக்கு ஒரு முடிவோடு வந்தேன்: நாலு நாளும் கூவத்தைத் தாண்டப் போவதில்லை.

அண்ணி சிரித்தார். "இங்க பிள்ளைங்க பார்க்க என்ன இருக்கு? வேணும்னா எம்.சி. ரோட்டுல துணி எடுக்கலாம்."

துணி கடைசி நாளைக்கு என்று சொல்லிவிட்டு, வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். அடுத்த நிறுத்தமே ராயபுரம். பெரியவளுக்கு வயது பதினொன்று. அவளை ஜன்னல் பக்கம் திருப்பி, தூண்கள் வைத்த அந்தப் பழைய கட்டிடத்தைக் காட்டினேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. 1853இல் பம்பாயில் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிவிட்டது, உண்மைதான். ஆனால் அங்கே அந்தக் காலத்து நிலையக் கட்டிடம் இப்போது இல்லை. இங்கே நிற்கிறது. ரயில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. சின்னவன் (ஆறு வயது) பார்ப்பதற்குள் தாண்டிவிட்டது; அதற்கு ஓர் அழுகை.

ராயபுரம் என்ற பெயருக்கும் அந்த ரயிலிலேயே காரணம் சொன்னேன். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேதுருவை ராயப்பர் என்பார்கள். படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. பெரியவள் உடனே பையிலிருந்து ஒரு குயர் நோட்டை எடுத்து, "ராயப்பர், ராயபுரம்" என்று எழுதிக்கொண்டாள். இது இப்படி வளரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, செயின்ட் ஜார்ஜ் கோட்டை. வாசல் சோதனை, அடையாள அட்டை, பை சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனால் அருங்காட்சியகம் பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரெல்லாம் திங்கள் விடுமுறை விடுவார்கள் என்ற நினைப்பில் நான் பார்க்காமல் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கோட்டைக்கு வெள்ளி வேண்டாம், ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் வேண்டாம்.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. வடக்கே நடந்தோம். உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் 1892இல் எழுந்தவை. நாங்கள் தேடிப் போனது அதன் மதிலில் இருக்கும் ஒரு சின்னக் கல்வெட்டை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு விழுந்த இடம் இது. விடிவதற்குள் கப்பல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். அதே நவம்பரில் கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பலொன்று எம்டனை அடித்து ஒழித்தது. ஆனால் சென்னைக்காரர்களின் வாயில் அது மூழ்கவே இல்லை. எங்கிருந்து வந்தான், எப்படிப் போனான் என்று தெரியாமல் காரியத்தை முடிக்கிறவன் எம்டன்.

"அப்பத்தா உன்னைத் திட்டுவாங்களே, அதுவா?" என்று பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அதேதான். நோட்டில் இரண்டாவது வரி.

சாயங்காலம் அண்ணன் வந்து சேர்ந்துகொண்டார். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து 1960களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கொண்டு வந்த சாப்பாடு இது. மஞ்சள் நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு தட்டை. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்துக் கொடுப்பது தனி. காரம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள், சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், சனி

இன்று முழுக்க ரயில். நியூ ஆவடி ரோட்டில், ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) வளாகத்தை ஒட்டி இருக்கிறது ரயில் அருங்காட்சியகம். 2002இல் திறந்தது. குழந்தைகளை அழைத்துப் போக வடசென்னையில் ஒரே ஓர் இடம்தான் நேரமிருக்கிறது என்றால், யோசிக்காமல் இங்கே போங்கள். மரம் இருக்கிறது, ஓடுவதற்கு இடம் இருக்கிறது, "தொடாதே" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கத்த வேண்டியதில்லை.

வெட்டவெளியில் நிறுத்தியிருக்கும் நீராவி எஞ்சின்களைவிட என்னை இழுத்தது தண்டவாளத்தில் ஓடவே ஓடாத ஒன்று. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜான் ஃபௌலர் கம்பெனி செய்த உழவு எஞ்சின். இதை வயலுக்குள் இறக்க மாட்டார்கள். அந்தக் கனத்துக்கு அப்படியே புதைந்துவிடும். வரப்போரம் நிறுத்திவிடுவார்கள். கொதிகலனுக்குக் கீழே ஒரு பெரிய உருளை, அதில் இரும்புக் கயிறு. நீராவியில் உருளை சுற்றச் சுற்ற, கயிற்றின் மறுமுனையில் கட்டிய கலப்பை வயலைக் கிழித்துக்கொண்டு எஞ்சினை நோக்கி வரும். எங்கள் அப்பா லால்குடிப் பக்கம் மாடு கட்டி உழுதவர். அவரிடம் காட்ட நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். "இத ஓட்ட எத்தனை பேர் வேணுமாம்?" என்றுதான் முதலில் கேட்பார்.

உள்ளே காட்சிக்கூடத்தில் மாதிரிப் பெட்டிகள். ஐ.சி.எஃப். என்ற பெயரில் இருக்கும் "இன்டக்ரல்" என்ற சொல்லுக்கு இத்தனை வருடம் நான் அர்த்தம் யோசித்ததே இல்லை. பழைய ரயில் பெட்டி என்பது கீழே ஒரு கனமான சட்டம், அதன்மேல் தனியாக உட்கார வைத்த கூடு. மோதினால் கூடு நொறுங்கும், ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடும். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி கொடுத்த வடிவத்தில் தரை, சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே எஃகுக் கூடு. எடை குறைவு, பாதுகாப்பு அதிகம். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு தொடங்கிவைத்த தொழிற்சாலை இந்த வடிவத்தில் 2018 வரைக்கும் பெட்டி செய்துகொண்டிருந்தது. நாம் நீலப் பெட்டியில் படுத்துக்கொண்டு போன ராத்திரிகள் எல்லாம் பெரம்பூரில் பிறந்தவை. முதல் வந்தே பாரத்தும் அதே 2018இல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. பக்கத்திலிருந்த ஒரு தாத்தா பேரனிடம், "இந்தச் சீட்டு மாதிரிதான்டா நம்ம வீட்டுப் பெஞ்சும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும், கை அந்த வளைவிலேயே தடவிக்கொண்டிருந்தது.

சின்னவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பொம்மை ரயில், அவ்வளவுதான். பூங்காவைச் சுற்றி வரும் அந்தக் குட்டி ரயிலில் ஒரு சுற்று போனோம். இறங்க மாட்டேன் என்றான். வரிசை நீளமாக இருந்தது, வெயில், எனக்குப் பசி. "அடுத்த தடவை வரும்போது ரெண்டு ரவுண்டு" என்று சொல்லி இழுத்து வந்தேன்.

"நீ இப்படித்தான் சொல்லுவ."

நியாயமான குற்றச்சாட்டு. பதில் சொல்லாமல் எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் பழைய சிறைச் சாலைப் பக்கம் மாடிப் பூங்காவரை நடந்தோம். இது பூங்கா என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இது ஒரு மதில். 1760களில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னைக்கு வந்து போன பயத்தில், கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கட்டியது. எல்லாம் இடிந்து, எஞ்சியிருக்கும் துண்டின் தலையில் பூங்கா வைத்ததால் மாடிப் பூங்கா. மதில் கட்டிய செலவுக்கு ஜனங்களிடம் வரி போட நினைத்தார்கள். அதுதான் வால் டாக்ஸ். வரி வந்ததோ இல்லையோ, வால்டாக்ஸ் ரோடு வந்துவிட்டது. நோட்டில் மூன்றாவது வரி. "வால் இருக்குற டாக்ஸா?" என்று சின்னவன் கேட்டதையும் அவள் அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், ஞாயிறு

அண்ணன் சொல்லித்தான் தெரியும்: ஞாயிறு காலையில் பாரிமுனையில் நடக்க வேண்டும். மற்ற நாட்களில் மூட்டை வண்டியும் ஸ்கூட்டரும் தள்ளிவிடுகிற தெருக்கள் அன்றைக்குத்தான் முகத்தைக் காட்டும்.

அரண்மனைக்காரன் தெரு. பெயரைப் பார்த்ததும் பெரியவள், "எந்த ராஜாவோட அரண்மனை?" என்றாள். ராஜாவும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஆர்மீனியன் தெரு. நம் ஆட்களின் காதில் ஆர்மீனியன் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. பெயர்ப் பலகையிலும் அப்படியே ஏறிவிட்டது.

அந்தத் தெருவில் ஆர்மீனியக் கோயில் இருக்கிறது. 1712இல் வேறோர் இடத்தில் எழுந்து, 1772இல் இங்கே கட்டப்பட்டது. வாசலைத் தாண்டியதும் தெருச் சத்தம் விழுந்துவிடுகிறது. கள்ளி மந்தாரை மரம், கீழே தரையோடு தரையாகக் கல்லறைக் கற்கள், அதில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. பட்டுக்கும் ரத்தினக் கல்லுக்கும் வந்த வியாபாரிகள். அவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் தன் காசில் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டினார், பரங்கிமலைக்குப் படி போட்டார். ஒரு கல்லறைமேல் புத்தகம் செதுக்கியிருக்கிறது. உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794இல் நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோன்யன் அங்கே படுத்திருக்கிறார். அந்தப் பத்திரிகை வந்தது ஆர்மீனியாவிலிருந்து இல்லை, இந்தச் சென்னையிலிருந்து. அதன் பெயர் அஸ்தரார்.

தனியாக நிற்கிற மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். ஞாயிறு காலையில் அடிக்கிறார்கள். வழிபட வர ஆர்மீனியர்கள் ஊரில் இல்லை, மணி மட்டும் தவறுவதில்லை. கேட்டுக்கொண்டு நின்றது நாங்கள் நாலு பேரும் ஒரு பூனையும். பெரியவள் நோட்டை எடுக்கவே இல்லை. சத்தம் நின்றபிறகுதான், "அம்மா, இந்த ஊர்ல யாருமே பேரைச் சரியாக் காதுல வாங்கலையா?" என்றாள். சரியாக வாங்கியிருந்தால் இந்தத் தெருவுக்கு இவ்வளவு அழகான பெயர் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை; எழுதிவைத்துவிடுவாள்.

அங்கிருந்து மறுபடியும் கோட்டை. தலைமைச் செயலகத்துக்கு விடுமுறை என்பதால் கூட்டமே இல்லை. அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

அருங்காட்சியகம் இருக்கும் கட்டிடம் 1795இல் வணிகர்கள் கூடிப் பேச எழுந்த எக்ஸ்சேஞ்ச். அடுத்த வருடமே இதன் கூரைமேல் தேங்காயெண்ணெய் விளக்குகளை ஏற்றிச் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் வைத்தார்கள். பிறகு 1844இல் இன்றைய நீதிமன்ற வளாகத்தில் ஒரு கல் தூணுக்குப் போனது. 1894இல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சி. 1977இல்தான் மெரினா. வெள்ளிக்கிழமை நடந்த தெருவில்தான் விளக்கு இரண்டு முறை வீடு மாறியிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

உள்ளே பீங்கான், நாணயம், வாள், ஆற்காட்டு நவாபுகளின் ஆளுயரப் படங்கள். வேகமாகக் கடந்துவிட்டோம். குழந்தைகளை நிறுத்தியவை மூன்று.

ஒன்று கூண்டு. மரக்கூண்டு, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, நீட்டிப் படுக்கவும் முடியாது. சென்னைப் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ருதரை 1840இல், அபினிப் போர் சமயத்தில், சீனர்கள் பிடித்து இதில் அடைத்தார்கள். அவருக்குப் படம் வரையத் தெரியும். காவலர்களை வரைந்து கொடுத்துக் கொடுத்துக் கொஞ்சம் நல்ல சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். சின்னவன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, தலை இடிக்குமா என்று தானே அளந்து பார்த்தான்.

இரண்டு, கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் சிலை. லண்டனில் செதுக்கிக் கப்பலில் வந்தது. சிலையைவிட அதன் பீடத்தைப் பாருங்கள். 1792 போரில் அவரிடம் தோற்ற திப்பு சுல்தான் தன் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பிவைத்த காட்சி புடைப்பாகச் செதுக்கியிருக்கிறது. இதை எப்படிச் சொல்வது? "கடனுக்கு நகையை அடகு வைப்போம்ல, அது மாதிரி" என்றேன். சொன்னபிறகுதான் எவ்வளவு மோசமான உதாரணம் என்று உறைத்தது. "அவங்கள மீட்டாங்களா?" ஆமாம், பணம் கட்டி முடித்ததும் இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் என் கையை விட்டான்.

மூன்றாவது ஒரு கொடி. 1947 ஆகஸ்ட் 15ஆம் தேதி விடியற்காலையில் இந்தக் கோட்டைக் கொடிமரத்தில் ஏற்றியது. கண்ணாடிக்குள், மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். பட்டு. நிறம் ஆறிப்போய் இருக்கிறது. எனக்கு ஏனோ அது கல்யாணப் புடவையை மடித்து வைத்திருப்பதுபோல் இருந்தது.

எதிரே செயின்ட் மேரி கோயில், 1680. சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் கோயில் என்பார்கள். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைத்துக் கட்டிய கூரை. எலிஹு யேல் இங்கேதான் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். 1753இல் ராபர்ட் கிளைவுக்கும் இங்கேதான் கல்யாணம். பெரியவர்களுக்கு இது போதும், பிள்ளைகளுக்குப் பல்லாவரத்துக் கருங்கல்லில் செய்த ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டுங்கள். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் மகள்களுக்கு இதில்தான் 1689இல் ஞானஸ்நானம். பிறகு அதே வகைப் பல்லாவரத்துக் கல்லை அவர் கல்லறைக்குக் கல்கத்தா கொண்டுபோனார்கள். அதனால்தான் அந்தப் பாறைக்கே இன்று உலகமெங்கும் சார்னக்கைட் என்று பெயர். பெயர் திரும்பி வந்த கதை. நோட்டுக்கு ஆறு வரி ஆயிற்று, நடுவில் எதையோ எனக்குக் காட்டாமல் எழுதியிருக்கிறாள்.

நான்காம் நாள், திங்கள்

வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டியபிறகு திருவொற்றியூர் கைக்கெட்டும் தூரம் ஆகிவிட்டது. கொஞ்ச தூரம் பூமிக்கடியில் போய், அப்புறம் மேலே ஏறுகிறது. ஏறியதும் ஒரு பக்கம் கடல் தெரிகிறதா என்று இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள்.

"அடுத்த நிலையம், காலடிப்பேட்டை."

"யாரோட காலடி?" என்றாள் பெரியவள். கேள்வி கேட்ட முகத்திலேயே சந்தேகம் தெரிந்தது, நாலு நாளில் தேறிவிட்டாள். காலட் என்ற கவர்னர், 1717 முதல் 1720 வரை இருந்தவர், நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. காலட் பேட்டை நடந்து நடந்து காலடிப்பேட்டை ஆயிற்று.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கி, முதலில் ஆட்டோவில் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி. கசக்கும் கரும்பு இனித்த இடத்தில் உயிர் போகும் என்று ஊர் ஊராக அலைந்தவருக்கு இங்கேதான் இனித்ததாம். பையன்களோடு விளையாடிக்கொண்டிருந்தவர், தன்னைக் கூடையால் மூடச் சொல்லி, திறந்து பார்த்தபோது லிங்கமாக இருந்தார் என்பார்கள். அலைச் சத்தம் உள்ளே வரை கேட்கிறது. கூடை எங்கே என்று சின்னவன் தேடினான்.

தியாகராஜர் கோயிலுக்குப் பன்னிரண்டு மணிக்குள் போய்விட வேண்டும், நடை சாத்திவிடுவார்கள். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் தரிசனம். வெளியே வந்து விமானத்தைப் பின்புறமிருந்து பாருங்கள். சதுரமாக இருக்காது, யானை படுத்திருக்கும் முதுகுபோல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதுதான். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பியது. எழுப்பிய தச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ரவி! பெரியவள் வகுப்பில் இரண்டு ரவி இருக்கிறார்கள். நான்கு நாளில் சிதையாமல் வந்த ஒரே பெயர் என்று நோட்டில் கோடிட்டு எழுதினாள்.

வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு மகிழ மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தோம். அண்ணி கதை சொன்னார். சுந்தரர் இந்த ஊரில் சங்கிலியாரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்படுகிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஊர் ஊராகப் பாடப் போகிற ஆள், எப்படிச் சத்தியம் செய்வார்? சிவனிடம் போய், "நான் சன்னதியில் சத்தியம் பண்ணும்போது நீங்கள் கொஞ்சம் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறார். சிவனும் சரி என்கிறார். ஆனால் நேரே சங்கிலியார் கனவில் போய், "சன்னதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் வகையாக மாட்டிக்கொண்டார். அப்புறம் சத்தியத்தை மீறி ஊரைத் தாண்டியதும் கண் இரண்டும் போயிற்று.

பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். சின்னவன் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தான். பிறகு எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டினான்.

"ரயிலு ரெண்டு ரவுண்டு. இங்க சத்தியம் பண்ணு."

சுற்றிலும் பார்த்தேன். அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்குவது தெரிந்தது. இன்று திங்கள், அருங்காட்சியகம் கிடையாது. ராத்திரி எழும்பூரில் வண்டி. கையை அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னதும் அவனைத் தூக்கிக்கொண்டார். "டேய் மாப்ள, நீதான்டா எம்டன்."

எம்.சி. ரோட்டுக்கு மிஞ்சியது முக்கால் மணி நேரம். அண்ணி எடுத்துக் கொடுத்த பாவாடைத் துணியும் ஒரு டவுசரும் பையில் இருக்கின்றன. பொங்கல் விடுமுறைக்கு டிக்கெட் போட்டாயிற்று.